பொன்முடிக்கு வந்த எரிமலைத் தீவுக்காரர்

நம் சங்க அன்பர்களில் பொன்முடிக்குப் போகாதவர் எவரும் இருக்கமாட்டார்கள். பிள்ளைகளின் பள்ளிச் சுற்றுலா, ஊரிலிருந்து வரும் உறவினர், புதுமணத் தம்பதியர் என்று ஏதோ ஒரு சாக்கில் அந்த 22 கொண்டை ஊசி வளைவுகளையும் எல்லாருமே கடந்திருப்போம். நானும் இருபது முறையாவது போயிருப்பேன். போவது, பனிமூட்டத்தைப் பார்ப்பது, கட்டிக் கொண்டுபோன புளியோதரையை உண்பது, இறங்குவது. இதற்கு மேல் அந்த மலையில் பார்க்க ஒன்றுமில்லை என்றே எண்ணியிருந்தேன். 2024 ஜனவரியில் ஒரு விருந்தினரை அங்கே அழைத்துச் சென்ற பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

விருந்தினர் ரியூனியன் தீவைச் சேர்ந்தவர். வயது எழுபதை நெருங்குகிறது. பெயரை அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் 'தீவுக்காரர்' என்றே எழுதுகிறேன். அங்கே சாலைத் துறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நிறமும் முகமும் நம் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரைப் போலவே இருக்கும். வாயைத் திறந்தால்தான் வேறு. பிரெஞ்சும், தீவின் கிரியோல் மொழியும், கொஞ்சம் ஆங்கிலமும் பேசுவார். தமிழில் 'வணக்கம்', 'சாமி', 'மாரியம்மா' போன்ற சில சொற்கள் மட்டும் தெரியும்.

அவர் ஏன் திருவனந்தபுரத்துக்கு வந்தார் என்பது சுவையான கதை. "எங்கள் தீவில் என்னைப் போன்றவர்களை மல்பார் என்பார்கள். அதனால் என் முன்னோர் ஊர் மலபார், மலபார் கேரளத்தில் இருக்கிறது, ஆகவே வந்தேன்" என்றார். எனக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. பழைய காலத்து ஐரோப்பியர் தென்னிந்தியர் எல்லாரையும், தமிழரையும் சேர்த்து, 'மலபார்' என்றே அழைத்தார்கள். அந்தப் பெயர் கப்பலேறிப் போய் ரியூனியனில் அப்படியே தங்கிவிட்டது. ரியூனியனின் மல்பார்களில் பெரும்பாலோர் சோழமண்டலக் கரைத் தமிழர்கள். இதை உடனே சொல்லி அவர் மனத்தை நோகச் செய்ய விரும்பாமல், "நாளை பொன்முடிக்குப் போவோம்" என்றேன்.

நெடுமங்காடு தாண்டியதும் தம் ஊரைப் பற்றிப் பேச்செடுத்தார். மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரிஷியசுக்குத் தென்மேற்கே உள்ளது அந்தத் தீவு. பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர். நம் திருவனந்தபுரம் மாவட்டம் 2,192 சதுர கிலோமீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால் அளவு புரியும். இங்கே முப்பத்து மூன்று லட்சம் பேர் இருக்கும் இடத்தில் அங்கே ஒன்பது லட்சத்துக்கும் குறைவு. ஏனென்றால் தீவின் நடுப்பகுதி முழுவதும் மலை. மக்கள் பெரும்பாலும் கரையோரத்தில் வளையம் போல வாழ்கிறார்கள். 1946 முதல் அது பிரான்சின் ஒரு மாவட்டம். நாணயம் கூட யூரோதான்.

அந்த மலை இரண்டு எரிமலைகளால் ஆனது. பெரியது பித்தோன் தெ நேழ். உயரம் 3,071 மீட்டர். இந்துமாக்கடல் தீவுகளிலேயே உயர்ந்த சிகரம். அது எரிந்து அடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகளாகின்றன. இளையது பித்தோன் தெ லா ஃபுர்னேஸ், 2,632 மீட்டர். 'உலைமலை' என்று பெயர்த்துச் சொல்லலாம். உலகில் மிக அடிக்கடி பொங்கும் எரிமலைகளில் அதுவும் ஒன்று.

கல்லாற்றங்கரையில் வண்டியை நிறுத்தினோம். விதுரை தாண்டி மலையடிவாரத்தில் உள்ள இந்த இடத்தை அன்பர்கள் அறிவார்கள். வாமனபுரம் ஆற்றின் மேல்பகுதி. கண்ணாடி போன்ற நீரும் உருண்டைப் பாறைகளும் பார்க்க அழகு. (நீரின் அழகில் மயங்கி இறங்கிக் குளித்து உயிரை விட்டவர்கள் இங்கே கொஞ்சமல்ல. பிள்ளைகளோடு போகிறவர்கள் கவனிக்க.) தீவுக்காரர் நீரைப் பார்க்கவில்லை, குனிந்து கல்லைப் பார்த்தார். கையில் ஒன்றை எடுத்து, "இது கனமாக இருக்கிறது, பளபளவென்று மணிகள் தெரிகின்றன. எங்கள் ஊர்க் கல் கறுப்பு, துளைத்துளையாக இருக்கும். இந்த மலை எப்போது எரிந்தது?" என்று கேட்டார்.

மலை என்றாலே எரிந்து உண்டானது என்பது அவர் பிறந்த மண்ணின் கணக்கு. இந்த மலை எரிமலையன்று என்பதை அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. நான் நிலவியல் படித்தவனல்லன். நண்பர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொன்னேன்.

பொன்முடிப் பாறைகள் நிலத்தின் ஆழத்தில், மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை. ஏறக்குறைய 55 கோடி ஆண்டுப் பழமை உடையவை. அன்று இந்தியா, மடகாஸ்கர், இலங்கை, ஆப்பிரிக்கா எல்லாம் ஒரே நிலத்திரளாக இருந்தன. அதனால்தான் இங்குள்ள பாறை வகைகளுக்கு உறவான பாறைகள் தெற்கு மடகாஸ்கரிலும் இலங்கை மலைநாட்டிலும் கிடைக்கின்றன. இந்தப் பாறைகளில் ஒரு வகைக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு வைத்த கல்லைப் பார்த்து அப்பெயரிட்டார்கள். அந்தக் கல்லோ சென்னைக்கு அருகில் பல்லாவரத்திலிருந்து போனது! நம் பல்லாவரத்துக் கல்லுக்கு ஊர்ப்பெயர் கிடைக்காமல் கல்லறையில் கிடந்தவரின் பெயர் கிடைத்துவிட்டது. சாதாரணப் பாறை சார்னோகைட்டாக மாறும் நிலையைப் பாதியில் பிடித்து வைத்தாற்போலக் காட்டும் கற்கள் பொன்முடிப் பகுதியில் உள்ளன. அதற்காகவே நிலவியலார் வெளிநாடுகளிலிருந்தும் இங்கே வருகிறார்கள். நாம் புளியோதரையோடு திரும்பிவிடுகிறோம்.

இதைக் கேட்டதும் அவர் சொன்ன செய்தி என்னை வியக்க வைத்தது. ரியூனியன் எரிமலைக்கு அடியில், பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழும் ஓர் ஊற்று இருக்கிறது. அது ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்க, அதன் மேலே நிலத்தட்டுகள் நகர்ந்து செல்கின்றன. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த ஊற்றின் மேல் இருந்தது நம் இந்தியா! அன்று பொங்கிய குழம்புதான் மகாராட்டிரத்தின் கறும்பாறைப் பீடபூமி. அஜந்தாவும் எல்லோராவும் குடையப்பட்டது அந்தப் பாறையில்தான். இந்தியா வடக்கே நகர நகர, அதே ஊற்று இலட்சத்தீவு, மாலத்தீவு ஆகியவற்றின் அடித்தளங்களையும், பிறகு மொரிஷியசையும், கடைசியாகச் சில பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ரியூனியனையும் எழுப்பியது. பொன்முடிவரை அந்தக் குழம்பு வரவில்லை. ஆனாலும் அவர் ஊர் அடுப்பு ஒரு காலத்தில் நம் நாட்டின் அடியில் எரிந்த அடுப்புத்தான். "உங்களுக்கு எரிந்து முடிந்துவிட்டது, எங்களுக்கு இன்னும் எரிகிறது" என்று சிரித்தார்.

அடுப்பு எரிவதை அவர் அருகிலிருந்து கண்டவர். 2007 ஏப்ரலில் உலைமலை பெரிதாகப் பொங்கியது. குழம்பு கிழக்குச் சரிவில் இறங்கி, கடற்கரை நெடுஞ்சாலையைப் புதைத்துக்கொண்டு கடலில் விழுந்தது. தீவின் பரப்பே கொஞ்சம் கூடிவிட்டது. மலையுச்சியில் எரிவாயின் தரை 300 மீட்டருக்கும் மேல் உள்ளே இறங்கிப் போயிற்று. மாதங்கள் கழிந்த பின்னும் மழை விழுந்தால் அந்தக் கற்களிலிருந்து ஆவி எழுமாம். அதன் மேலேயே மறுபடி சாலை போட்டார்கள். "பழைய சாலை எங்கே என்று கேட்டால் காலைக் காட்டுவோம்; கீழே இருக்கிறது" என்றார். 1977இல் சேன்ட் ரோஸ் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குள் குழம்பு புகுந்து, தேவாலய வாசலருகே இரண்டாகப் பிரிந்து, கட்டடத்தை விட்டுவிட்டுச் சூழ்ந்து நின்றதையும் சொன்னார். அந்தத் தேவாலயம் இன்றும் இருக்கிறது.

வளைவுகள் தொடங்கின. 22 வளைவுகளையும் அவர் எண்ணிக்கொண்டே வந்தார். தம் ஊரில் சிலாவோஸ் என்ற ஊருக்கு ஏறும் சாலையில் நானூறுக்கும் மேற்பட்ட வளைவுகள் உண்டாம். அதைக் கேட்டதும் எங்கள் ஓட்டுநர் தம்பிக்கு முகம் வாடிவிட்டது. பழைய எரிமலை அரிக்கப்பட்டும் சரிந்தும் உண்டான மூன்று பெரிய கிண்ணப் பள்ளத்தாக்குகளில் சிலாவோஸ் ஒன்று; பருப்புக்குப் பெயர் பெற்றது. இன்னொன்று மஃபாத். அங்கே இன்றும் சாலையே கிடையாது. நடந்து போக வேண்டும், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம் அது. அவர்களின் தலைவர் ஒருவரின் பெயரே ஊருக்கு ஆயிற்று. மூன்றாவது சலாசி. அங்கே விளையும் காயைப் பற்றி அவர் சொல்ல, எனக்கு விளங்கவில்லை. பச்சை நிறம், பேரிக்காய் வடிவம், கொடியில் காய்ப்பது, 'சூசூ' என்று பெயர் என்றார். நம் வீட்டுச் சாம்பாரில் போடும் சௌசௌ!

சொற்கள் வந்த வழியைப் பார்த்தால் வேறு வேடிக்கைகளும் உண்டு. முருங்கைக்கீரையை அங்கே 'முருங்' என்கிறார்கள். ஆட்டிறைச்சிக் குழம்புக்கு 'மசாலே'. தீமிதி விழாவுக்குப் 'பாண்டியாலே' என்று பெயர் சொன்னார். எந்தப் பாண்டியன் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஐந்து கணவரை உடைய அம்மன் என்று அவர் விளக்கிய பிறகுதான் பாஞ்சாலி என்று புரிந்தது. மொழி போய்விட்டது, பாஞ்சாலி போகவில்லை.

மேலே ஏற ஏறக் காற்றுக் குளிர்ந்தது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய ஆறு பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. பொன்முடி 1,100 மீட்டர். அதனால் கீழே ரப்பரும் மரவள்ளியும், நடுவில் அடர்காடு, பிறகு தேயிலை, உச்சியில் புல்வெளியும் மடிப்புகளில் சோலையும் என்று இரண்டு மணிப் பயணத்தில் நான்கு நாடுகளைப் பார்த்துவிடலாம். ரியூனியனில் இதே ஏணி மூன்று மடங்கு உயரம். கரையில் தென்னையும் கரும்பும், உச்சிப்பக்கம் குளிர்கால இரவுகளில் உறைபனியும். அவர்களுக்குக் குளிர்காலம் ஜூலையில்.

உச்சியில் நின்றபோது அவர் கேட்ட முதற்கேள்வி, "காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும்?" என்பது. சாலை போட்டவருக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும் போலும். ஒரு மலைநாட்டின் பகுதிகள் ஏன் இத்தனை வேறுபடுகின்றன என்பதற்கு உயரம் பாதி விடை, காற்று மறுபாதி. ஈரக்காற்று மலையில் மோதி மேலெழுந்து குளிர்ந்து மழையாகிறது. மலையைத் தாண்டும்போது அது வறண்ட காற்றாகிவிடுகிறது. ரியூனியனுக்கு ஈரக்காற்றுத் தென்கிழக்கிலிருந்து வருகிறது. ஆகவே கிழக்குச் சரிவில் ஓயாத மழை, வனிலா, கரும்பு. மேற்குக் கரையில் புல் காயும் வெயில், அங்கேதான் வெள்ளைக்காரர் வெயில் காயும் கடற்கரைகள். 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது ஃபோக் ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பெய்தது. அது உலக சாதனை. திருவனந்தபுரம் நகரத்தில் ஓராண்டு முழுவதும் பெய்வது ஏறக்குறைய அவ்வளவுதான்! நம் ஓராண்டு மழை அவர்களுக்கு ஒரு நாளில்.

பொன்முடியில் திசை மாறிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வந்து இந்த மேற்குச் சரிவில் நீரைக் கொட்டிவிட்டுப் போகிறது. முகட்டுக்கு அப்பால் கிழக்கே இருக்கும் அம்பாசமுத்திரம் சமவெளிக்கு அப்போது கிடைப்பது தூறலும் காற்றும்தான். அவர்களுக்குப் பெருமழை ஐப்பசி கார்த்திகையில், வடகிழக்குப் பருவத்தில். தென்கிழக்கே தெரிந்த அகத்தியர்கூடத்தை, 1,868 மீட்டர், அவருக்குக் காட்டினேன். தாமிரபரணியின் தாய்வீடு அந்த மலைத்தொடர்தான். அதை நம்பித்தான் நெல்லைச் சீமையே வாழ்கிறது. இங்கே பெய்யும் மழை இரண்டு மாநிலத்துக்கும் ஆறாகிறது. 1956 நவம்பர் 1இல் மொழிவாரியாகப் பிரித்தபோது மலை முகட்டை எல்லையாக வைத்தார்கள். தண்ணீர் அதைக் கேட்கவில்லை.

அப்போதுதான் தருணம் பார்த்துச் சொன்னேன். "ஐயா, உங்கள் முன்னோர் ஊர் மலபார் அன்று. இந்த முகட்டுக்கு அந்தப் பக்கம், வடகிழக்கே வெகுதூரத்தில்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தீவின் ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்த படி. ரியூனியனில் 1848இல் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லாமற் போயிற்று. புதுச்சேரி, காரைக்கால் போன்ற துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்களைக் கொண்டுபோனார்கள். 1860களில் பிரிட்டிஷ் பகுதிகளிலிருந்தும் ஆளெடுக்க உடன்பாடு ஏற்பட்டது. நடந்த கொடுமைகள் வெளியே வரவே, 1882இல் பிரிட்டிஷ் அரசு அதை நிறுத்தியது. போன ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துப் பதிந்தார்கள். அந்தத் தாளில் எண் தெளிவாக இருந்தது. கப்பலேறிய துறை காரைக்கால். பெயர் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் 'மூத்தூ', தகப்பனார் 'கருப்பேன்'. முத்து, கருப்பன் மகன். ஊர்ப்பெயரில் 'திரு' என்ற எழுத்துகள் தெரிந்தன. மீதியில் மை பரவியிருந்தது.

திருவில் தொடங்கும் ஊர் எத்தனை! திருவாரூரா, திருநள்ளாறா, திருத்துறைப்பூண்டியா? காரைக்காலைச் சுற்றி மட்டும் எண்ணினாலே விரல் போதாது. நான் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, அவர் ஒவ்வொன்றையும் சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

இறங்கும் வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தின் அருகே தேநீருக்காக நின்றோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். வேலை எப்போதாவது நடக்கும், கூலி எப்போதாவது வரும் என்ற நிலையில் அது இருக்கிறது. கூரைத் தகரத்தின் மேல் கல்லை ஏற்றி வைத்திருந்தார்கள். ஓர் அம்மாள் தேநீர் கொடுத்தார். எழுபது வயதிருக்கும். தீவுக்காரரைப் பார்த்து, "ஐயாவுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். நான் விவரம் சொன்னேன்.

"கடலுக்கு அந்தாண்டயா? எங்க தாத்தா அம்பாசமுத்திரத்துல இருந்து மலையேறி நடந்தே வந்தாவ. கங்காணி கூட்டியாந்தது" என்றார் அம்மாள். பிறகு, "அங்க இவுகளுக்கு வீடு உண்டா? சொந்த வீடா?" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். சொந்த வீடு, கொஞ்சம் நிலம், ஓய்வூதியம் எல்லாம் உண்டு என்றார் அவர். அம்மாள் தலையசைத்தார். "எங்களுக்கு லயந்தான். வேலை இருக்கிற வரைக்கும் வீடு. நாலு தலைமுறை ஆச்சு."

இதையும் மொழிபெயர்த்தேன். தீவுக்காரர் நம்ப முடியாமல் என்னையே திரும்பக் கேட்டார். கப்பலில் கிடந்து கடல் கடந்து போனவரின் பேரனுக்கு மண் இருக்கிறது. ஒரு மலையை மட்டும் தாண்டி வந்தவரின் பேத்திக்கு, நேர்கோட்டில் நாற்பது கிலோமீட்டருக்குள் சொந்த ஊர் இருந்தும், காலடி மண் தமதல்ல. அம்பாசமுத்திரத்தில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, "யாரும் இல்லையே" என்றார் அந்த அம்மாள். இடையில் ஒரு சிறுமி உள்ளேயிருந்து வந்து பாட்டியிடம் தமிழில் பேசினாள். கையிலிருந்த பள்ளிப் புத்தகம் மலையாளம். தமிழ் படிக்கத் தெரியுமா என்று கேட்டேன். "பேசத்தான் தெரியும்" என்றாள்.

தீவுக்காரருக்கு அந்த விடையை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சிறுமியின் தலையசைப்பிலேயே புரிந்துகொண்டார். அம்மாள் தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். "நம்ம ஆளுக" என்றார். இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவர் வண்டியில் இரண்டு முறை கேட்டார். நானும் இரண்டு முறை சொன்னேன்.

ஊருக்குத் திரும்பும் முன் அவர் காரைக்கால் போய்வந்தார். குறிப்பேட்டிலிருந்த ஊர்களில் ஏழுக்கு நேரில் சென்றாராம். ஒன்றும் கிடைக்கவில்லை. நம் சங்க அன்பர் ஒருவர் கொடுத்த தமிழ் அரிச்சுவடி இரண்டு படிகளை அவரிடம் சேர்ப்பித்தேன். ஒன்று அவருக்கு, இன்னொன்று அவருடைய பேத்திக்கு. மூன்றாம் படியை ஓட்டுநர் தம்பி மூலம் லயத்துச் சிறுமிக்கு அனுப்பினேன்.

சென்ற சித்திரையில் தீவிலிருந்து கடிதம் வந்தது. மேலே 'வணக்கம்' என்று தமிழில் எழுதியிருந்தார். புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. மீதியெல்லாம் ஆங்கிலம். ஊர்ப்பெயரின் மீதி எழுத்துகளைக் கண்டுபிடிக்க மூலப் பதிவேட்டையே நேரில் பார்க்க விண்ணப்பித்திருக்கிறாராம். கடைசியில், "அந்த அம்மாளின் வீட்டுக் கூரை இந்த மழைக்குத் தாங்கியதா?" என்று கேட்டிருந்தார். அடுத்த ஞாயிறு பொன்முடிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பதில் எழுத வேண்டும்.